ஆறாயிரம் அடியில் இரண்டு சீசன்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். சுவிற்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் ஊரின் மேற்பகுதி 1856 மீற்றர். பன்னிரண்டு மீற்றர்தான் வித்தியாசம். எங்கள் உடுப்பிட்டி வளவுகளில் அதைவிட உயரமான தென்னைகள் நிற்கின்றன. இது தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஊரையும் சேர்த்தே யோசிக்கப் பழகிவிட்டேன். ஒன்று வடக்கே ஏழாவது பாகையில், மற்றது நாற்பத்தாறரையில். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படிந்தால் அடுத்த நாள் பேப்பரில் படம் போடுவார்கள். சென் மொரிட்சில் ஏரி முழுவதும் உறைந்து, அதன் மேல் குதிரைப் பந்தயம் நடக்கும்.

குதிரைப் பந்தயம் என்றதும் இன்னொன்று. நுவரெலியாவிலும் சித்திரை சீசனுக்குக் குதிரை ஓடும். இரண்டு ஊரையும் இன்றைய கோலத்துக்குக் கொண்டுவந்ததில் ஆங்கிலேயருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றில் ஆளவந்தவர்கள், மற்றதில் காசு கொடுத்துத் தங்க வந்தவர்கள். முதலாவதுக்கு ஆள் தென்னிந்தியாவிலிருந்து போனது. இரண்டாவதின் ரயில் பாதைக்கும் சுரங்கத்துக்கும் இத்தாலியிலிருந்து வந்தது.

*

மனுசியின் தம்பி எண்பதுகளின் கடைசியில் சுவிசுக்குப் போனவன். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களைக் கன்ரன்களுக்குப் பங்கிட்டு அனுப்புவது சுவிஸ் வழக்கம். சூரிச்சிலும் பேர்னிலும் எங்கள் ஆட்கள் கோயில் கட்டி, கடை போட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருக்க, இவனுக்கு விழுந்தது கிராவ்புண்டன், அதாவது நாட்டின் தென்கிழக்கு மூலை, முழுக்க மலை. சென் மொரிட்சில் ஹொட்டேல் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கினான். இப்போது குளிர் குசினியில் சலாட், சீஸ் தட்டு அடுக்குகிறான். முப்பது வருசத்துக்கு மேல் ஒரே பள்ளத்தாக்கு.

அவன் வீட்டுக்கு ஒரு கோடையிலும் ஒரு மாரியிலும் போய் நின்றபோது எழுதி வைத்தவை இவை. ஒழுங்கு இல்லை.

*

கூர் என்ற பட்டணத்தில் பெரிய ரயிலை விட்டு இறங்கி, சின்னப் பாதையில் ஓடும் சிவப்பு ரயிலில் ஏற வேண்டும். ரேட்டியன் ரயில்வே. தண்டவாள இடைவெளி ஒரு மீற்றர். சென் மொரிட்சுக்கு 1904 இல் வந்து சேர்ந்தது இந்தப் பாதை. 2008 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். லாண்ட்வாசர் பாலத்தை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள்: 65 மீற்றர் உயரம், ஆறு வளைவுகள், பாலம் முடிகிற இடத்தில் செங்குத்துப் பாறை, அதற்குள் நேரே சுரங்கம். படத்தில் தெரியாத ஒன்று, பாலமே வளைந்திருப்பது. நாங்கள் இருந்த பெட்டியிலிருந்து எங்கள் ரயிலின் முன்பெட்டிகள் பாறைக்குள் நுழைவதைப் பார்த்தோம்.

அதைவிட எனக்குப் பிடித்தது பெர்கூனுக்கும் பிரேடாவுக்கும் இடைப்பட்ட துண்டு. நேர்கோட்டில் ஆறு கிலோமீற்றர்கூட வராது. அதற்குள் 400 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். பல்லுச் சக்கரம் கிடையாது. ஆகவே பாதை மலைக்குள் போய்ச் சுற்றி, தன் தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது. பெர்கூன் தேவாலயக் கோபுரம் முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு மறுபடி இடப்பக்கம், ஒவ்வொரு தடவையும் இன்னும் கீழே. பதுளைப் பாதையில் டெமோதரையில் ஸ்ரேசனுக்குக் கீழேயே ரயில் போகும் வளையம் இருக்கிறதே, அதே உபாயம்தான். இங்கே ஒன்றுக்குப் பல.

கோடையில் இந்தப் பாதைக்குப் பக்கத்தில் ஓடும் அல்புலா ரோட்டில் சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார்கள். மாரியில் அதே ரோட்டைக் காருக்கு அடைத்து, சறுக்குவண்டிப் பாதையாக்கிவிடுகிறார்கள். பிரேடாவில் இறங்கி, மரச் சறுக்குவண்டியில் குந்தி, ஆறு கிலோமீற்றர் பெர்கூன் மட்டும் வழுகி, திரும்ப ரயில் ஏறி மேலே. பிள்ளை குட்டிகள், கிழவிகள், எல்லோரும். இரவுக்கு லைற்றும் உண்டு. பனி விழுந்தால் ரோட்டால் என்ன பயன் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இந்தக் கன்ரனில் 1900 முதல் 1925 வரை கார் ஓடவே தடை. சனங்களிடம் திரும்பத் திரும்ப வாக்கெடுப்பு வைத்து, பத்தாவது தடவைதான் சரி என்றார்கள். ரயிலில் போட்ட காசு வீணாகிவிடும், மாடு வெருளும், ரோட்டுப் பழுதாகும் என்று காரணங்கள். எனக்கு அந்தச் சனங்களில் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

*

கோடையில் சென் மொரிட்ஸ் காற்றால் நடக்கிறது.

குடாநாட்டில் எங்களுக்கு மலையும் இல்லை, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறும் இல்லை. பருவத்தை நாங்கள் காற்றைக்கொண்டு சொல்கிறவர்கள்: சோளகம், வாடை, கச்சான், கொண்டல். ஆகவே இங்கே வந்த முதல் நாளே காற்றை விசாரித்தேன். மச்சான் சிரித்தான். “அத்தான், பன்ரெண்டு மணிக்குப் பிறகு பாருங்கோ.”

சொன்னபடியே. காலையில் ஏரிகள் அசைவில்லாமல் கிடக்கும். மத்தியானத்தோடு மேற்கே மலோயாக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று எழும்பும். வெயில் பள்ளத்தாக்கைச் சூடாக்க, மலோயாவுக்கு அப்பால் திடீரென்று கீழே விழும் இத்தாலிப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி, இந்தப் பக்கம் வழிகிறது. விசித்திரம் என்னவென்றால் பகலில் மலைக்காற்று பள்ளத்தாக்கின் மேல்நோக்கித்தான் வீச வேண்டும். இது கீழ்நோக்கி வீசுகிறது. வானிலைப் புத்தகங்களில் மலோயாக் காற்றுக்குத் தனி இடம் உண்டு.

சில்வப்பிளானா ஏரியில் அந்தக் காற்றை நம்பித்தான் தொழிலே. பின்னேரம் நூற்றுக்கணக்கில் பட்டம். பட்டத்தை இடுப்பில் கட்டி, பலகையில் நின்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். மாரியில் போனபோது அதே ஏரி வெள்ளைத் தரையாக இருந்தது. அதே பட்டங்கள், காலில் இப்போது பனிச்சறுக்குப் பலகை. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் அன்று நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரு குறைதான். இந்தப் பட்டங்களில் விண் இல்லை. பட்டம் ஏறினால் கூவ வேண்டும். இவை பிளாஸ்ரிக் சத்தத்தோடு சடசடக்கின்றன. பெட்டிப் பட்டமும் பாம்புப் பட்டமும் கட்டுகிற எங்கள் பக்கத்துப் பெடியள் ஒருவனை அங்கே கொண்டுபோய் விட்டால் போதும்.

*

ஊர் பேர் எடுத்தது முதலில் தண்ணீரால். இரும்புச்சத்துள்ள, நாக்கில் குமிழி வெடிக்கிற ஊற்று. வாயில் வைத்தால் பழைய ஆணியைச் சூப்பியது போல. வெண்கலக் காலத்திலேயே லார்ச் மரத்தைக் குடைந்து அந்த ஊற்றுக்குக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். மரத்தின் வளையங்களை எண்ணி, வெட்டிய ஆண்டு கி.மு. 1411 என்று சொல்லிவிட்டார்கள். அந்த மரத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், கறுத்து, கல்லுப்போல. கீரிமலைக் கேணியில் முழுகி வளர்ந்தவர்கள் நாங்கள், ஊற்றுக்குச் சனம் யாத்திரை போவதன் நியாயத்தை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் கோடைதான் இந்த ஊரின் மூத்த பிள்ளை. மாரி பிறகு வந்தது, அதுவும் ஒரு பந்தயத்தால் என்று கதை. கூல்ம் ஹொட்டேல் முதலாளி யோகனஸ் பாட்ருட் 1864 இல், கோடை முடிந்து புறப்பட்ட ஆங்கிலேய விருந்தாளிகளிடம் சொன்னாராம்: மாரியில் வந்து பாருங்கள், சட்டைக் கையோடு வெயில் காயலாம், பொய்யென்றால் பயணச் செலவு என்னுடையது. வந்தவர்கள் ஈஸ்ரர் மட்டும் நின்று, கறுத்துப்போய்த் திரும்பினார்களாம். கதையில் எவ்வளவு உப்புப் புளி சேர்ந்தது என்று வரலாற்றுக்காரர் சண்டை பிடிக்கட்டும். பக்கத்து டாவோஸ்காரர்கள் 1865 இல் தங்களிடம் வந்த நெஞ்சு நோயாளிகளைக் காட்டி, மாரிச் சுற்றுலா எங்களிடம்தான் தொடங்கியது என்கிறார்கள். பாட்ருட் வியாபாரி என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பாரிஸ் கண்காட்சியில் மின்விளக்கைப் பார்த்துவிட்டு வந்து, நாட்டிலேயே முதலாவதாகத் தன் சாப்பாட்டு அறையில் எரியவிட்டவர். 1879.

வெயில் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. ஜனவரியில் நீல வானம், கண்ணைக் கூசும் வெளிச்சம். இரண்டு நாளில் மூக்கு நுனி தோலுரிந்தது. உடுப்பிட்டிச் சித்திரை வெயிலில் உரியாத மூக்கு.

*

மாரி. முதலில் சத்தம். பனி நன்றாகக் குளிர்ந்தால் காலடியில் கிறீச்சிடும், புதுச் சப்பாத்துப் போல. குளிர் குறைந்தால் சத்தமும் போய்விடும். மச்சான் அதை வைத்தே வெளியில் எவ்வளவு குளிர் என்று சொல்லுவான். மூச்சை இழுத்தால் மூக்கு மயிர் ஒட்டிக்கொள்ளும்.

நான் எதிர்பாராதது, மேலே போனால் குளிர் குறைவது. குளிர்ந்த காற்று கனம். காற்றில்லாத இரவில் அது சரிவுகளால் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சமேடான் என்ற பக்கத்து ஊர்ச் சமதரையில் மைனஸ் 20 என்பது அங்கத்தை ஆட்களுக்குச் செய்தியே இல்லை. அதே காலையில் கொர்வீலியா மலைக்குக் கேபிளில் ஏறினால் ஜக்கெற்றைத் திறந்து விடலாம். கீழே சமேடானில் ஒரு விமான நிலையமும் இருக்கிறது, சொந்த ஜெற் வைத்திருப்பவர்களுக்கு.

நடைபாதையில் உப்புப் போடாமல் சல்லிக்கல் தூவுகிறார்கள். நாலு நாளில் அது பனிக்குள் புதைந்து, மேலே மறுபடி கண்ணாடி. “அத்தான், பாதத்தை முழுசா வையுங்கோ, குதியை ஊண்டாதையுங்கோ.” இதைப் படிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. மனுசி முதல் நாளே படித்துவிட்டாள்; கிணற்றடிப் பாசியில் நடந்த பழக்கம் என்றாள்.

ஊரிலிருந்து கொண்டுபோன தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஆவணி மாதத்திலேயே அவன் வீட்டில் கட்டியாகத்தான் இருந்தது. மாரியில் கத்தியால் குத்தித் தோண்டினோம். பருத்தித்துறை வடைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வறட்டுக் காற்றில் திறந்து வைத்தாலும் நமத்துப்போகாது. ஊரில்கூட இவ்வளவு நாள் மொறுமொறுப்பாக இருந்ததில்லை.

மார்கழித் திருவெம்பாவைக்கு விடிய எழும்பி, தலையைச் சுற்றி மப்ளர் கட்டி, “என்ன குளிர்!” என்று நடுங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெரியவர்களை நினைத்தேன். அங்கே அப்போது இருபத்திரண்டு பாகை.

*

ஏரி மேல் குதிரை. 1907 இலிருந்து, பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமைகளில். கூடாரங்கள், சம்பெயின், மிங்க் தோல் கோட்டுகள். ஒரு பந்தயத்தில் குதிரை மேல் ஆள் இல்லை. பின்னால் பனிச்சறுக்குப் பலகையில் நிற்கிறவனைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு குதிரை பறக்கிறது, முன்னங்கால் வாரியெறிந்த பனிக்கட்டி முழுக்க அவன் முகத்தில். இதற்கு மட்டும் நானும் கத்தினேன்.

அதைவிட நின்று பார்த்தது பொப் சறுக்குப் பாதையை. சென் மொரிட்சிலிருந்து செலரீனாவுக்கு, 1722 மீற்றர் நீளம், 1904 இலிருந்து பாவனையில். 1928, 1948 என இரண்டு மாரி ஒலிம்பிக்குக்கும் இதுதான். உலகத்தின் மற்றப் பாதைகள் கொங்கிறீற்றும் குளிரூட்டும் குழாயும். இது பனியும் தண்ணீரும் மட்டும். ஒவ்வொரு வருசமும் தென் திரோலிலிருந்து ஒரு சிறு கூட்டம் வேலையாட்கள் வந்து, பனியை வாரி, தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியாலும் கையாலும் வளைவுகளைப் பூசி எடுக்கிறார்கள். மார்ச்சில் உருகிப்போகும். அடுத்த வருசம் திரும்ப முதலிலிருந்து. ஒரு வளைவின் உட்சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பனியென்று நம்ப முடியாது, சுண்ணாம்புச் சாந்து தீற்றி மினுக்கின மதில்தான்.

பக்கத்தில் கிரெஸ்ரா ஓட்டம் என்று இன்னொன்று, தலை முன்னே வைத்துக் குப்புறப் படுத்துப் போவது. அந்தக் கழகம் 1929 இல் பெண்களுக்குத் தடை போட்டு, 2018 இல்தான் எடுத்தது. இந்த விசயத்தில் கனவான்களுக்கு அவசரம் இல்லை.

*

பனியை இப்போது வானத்தை நம்பி விடுவதில்லை. மேலே மலையில் ஒரு குளம் வெட்டி, கோடைத் தண்ணீரைத் தேக்கி, கார்த்திகைக் குளிரில் இயந்திரத்தால் சீறியடித்துப் பனியாக்கிப் பாதைக்கு அத்திவாரம் போடுகிறார்கள். டியாவொலெட்சா மலையில் கோடையில் பனிக்கு வெள்ளைப் போர்வை மூடிக் காக்கிறார்கள்.

மோர்ட்டரச் பனியாற்றுக்குப் போவதென்றால் கோடையில் போக வேண்டும். ரயில் நிறுத்தத்திலிருந்து முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் நடை. வழி நெடுக ஆண்டு எழுதிய பலகைகள்: அந்த ஆண்டில் பனியின் நுனி இங்கே நின்றது. 1900 தாண்டி, 1940 தாண்டி, 1970 தாண்டி, இன்னும் பனி தெரியவில்லை. அளக்கத் தொடங்கிய 1878 இலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் பின்வாங்கிவிட்டது. பழைய பலகைகளுக்குப் பக்கத்தில் லார்ச் மரங்கள் ஆளுயரத்துக்கு மேல். புதுப் பலகைகளுக்குப் பக்கத்தில் வெறும் கல்லும் சேறும். 2022, 2023 இரண்டு வருசத்தில் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்திலொன்றை இழந்தன. கிணற்றுத் தண்ணீர் உவராகி வருவதை வருசா வருசம் நாக்கால் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். இங்கே அதற்குப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள்.

*

சிவப்பு ரயிலில் சில இடங்களில் அறிவிப்பு ரொமான்ஷ் மொழியிலும் வரும். பேசுகிறவர்கள் ஓர் இலட்சமும் இல்லை, அதன் பாதியளவு என்று வைத்துக்கொள்ளலாம். 1938 பெப்ரவரி 20 அன்று நாடு முழுவதும் வாக்கெடுத்து அதை நாலாவது தேசிய மொழியாக்கினார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆதரவு. பதினெட்டு வருசம் கழித்து, 1956 இல், எங்கள் பாராளுமன்றம் என்ன சட்டம் போட்டது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சென் மொரிட்ஸ் தெருவில் நான் ரொமான்ஷ் கேட்டது மிகக் குறைவு. ஜெர்மன், இத்தாலியன், போர்த்துக்கேயம், ரஷ்யன். பணத்தாளில் மொழி நிற்கிறது, கடைத்தெருவில் இல்லை.

*

மச்சானின் ஹொட்டேலுக்குப் பின்பக்கம் ஒரு கதவு. இரவு பத்தரைக்குக் குசினி ஆவி அதனால் வெளியே வந்து உடனே வெள்ளையாகத் தொங்கும். பாத்திரம் கழுவுகிற இடம் முப்பது பாகைக்கு மேல், கதவுக்கு வெளியே மைனஸ் பதினெட்டு. குப்பை கொட்ட ரீ சேட்டோடு ஓடி வருகிறார்கள். இப்போது கோப்பை கழுவுவது போர்த்துக்கேயர். இத்தாலிக்காரர் கீழே எல்லை தாண்டி தினமும் பஸ்ஸில் வந்து போகிறார்கள். ஊரில் வாடகை கொடுத்துக் கட்டாது. ஐயாயிரம் பேர்வரை வசிக்கிற ஊரில் சீசனிலும் எங்கே பார்த்தாலும் மூடிய யன்னல் வீடுகள், நத்தார்க் கிழமைக்கு மட்டும் திறப்பவை.

மச்சானின் வருசம் இப்படி: டிசம்பர் தொடக்கம் ஏப்ரல், பிறகு ஆனி நடு தொடக்கம் புரட்டாசி கடைசி. இவை சீசன். இடையில் ஹொட்டேல் பூட்டு, அப்போதுதான் லீவு. கணக்குப் பாருங்கள். நல்லூர்க் கொடியேற்றம் கோடைச் சீசனின் உச்சியில் விழும். முப்பது வருசமாக அவனுக்கு நல்லூர்த் திருவிழா ஃபோனில்தான். தைப்பொங்கலும் பட்டமும் மாரிச் சீசனுக்குள். அவன் ஊருக்கு வருவது ஒன்றில் சித்திரை முடிவில், தார் உருகும் வெயிலில். இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், முற்றம் முழுக்க வெள்ளம் நிற்க. எங்கள் ஊரின் நல்ல காலம் ஒன்றுக்கும் அவன் இல்லை. அங்கேயும் அப்படித்தான். வெயில் அடிக்கும்போது குசினிக்குள், ஊர் பூட்டினதும் பிளேனில்.

கோடையா மாரியா நல்லது என்று திரும்பி வந்தபிறகு பலர் கேட்டார்கள். காசு கொடுத்துப் போகிறவருக்குக் கோடை. நடக்கலாம், ஹொட்டேல் மலிவு, பெர்னினாப் பாதையில் கூரையில்லாத ரயில் பெட்டியில் 2253 மீற்றர் மட்டும் போகலாம். மாரியில் சறுக்கத் தெரியாதவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை கொஞ்சம். ஆனால் ஊர் எப்படி நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று பார்க்க விருப்பமானவர் மாரியில்தான் போக வேண்டும்.

எந்த மாதமாயினும் சூரிச்சிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம், ஒரு வழிக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல். வைகாசியில் போகவே வேண்டாம்: பாதி உருகின பனி, பழுப்புப் புல், பூட்டின கதவுகள்.

அங்கத்தை ஆட்கள் தங்களுக்குள் சொல்வது வேறு. ஒக்ரோபர் நடுவில் போக வேண்டுமாம். லார்ச் ஊசியிலை மரந்தான், ஆனால் இலை உதிர்க்கிறது. உதிர முன் இரண்டு கிழமை பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளாகி நிற்கும். விருந்தாளிகள் இல்லை, காற்றும் அடங்கிவிடும். படம் பார்த்திருக்கிறேன். மச்சானிடம் கேட்டேன், நீ அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு கிழமை நின்று போட்டு வரலாமே, ரிக்கற்றும் அப்ப மலிவுதானே.

“அது நிக்கும் அத்தான். அம்மாவுக்கு எண்பத்தெட்டு.”

இந்த முறையும் ஒக்ரோபர் பத்துக்கே புக் பண்ணிப்போட்டான்.